ஊசிக்கு முன்னால் பேசிவிட வேண்டும்: ஐசோடோப், ஸ்கேன் அறைகளில் பயிற்சி பெற்றவர்களின் அனுபவங்கள்

சேலத்துக்காரி (இழையைத் தொடங்கியவர்)

அணு மருத்துவம் (கதிர் வீசும் மருந்தை உடம்புக்குள் செலுத்திப் படம் எடுப்பது, சிகிச்சை தருவது) படிக்கலாமா என்று எனக்கு எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது கதிர்வீச்சைப் பற்றித்தான். முடி கொட்டுமா, கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பிறக்குமா, கேன்சர் வருமா. நியாயமான கேள்விகள், பதிலும் இருக்கிறது. ஆனால் படிக்கும்போது எந்த மாதிரி மனிதர்களைப் பார்ப்போம், அவர்களிடம் எப்படிப் பேசப் பழகுவோம் என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சியில் பாதி அதுதான். எக்ஸ்ரே, சிடி, எம்.ஆர்.ஐ. பக்கம் படித்தவர்களும் வாருங்கள். மனதில் நின்றுபோன ஒருவரைப் பற்றி எழுதுங்கள். நோயாளியின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மும்பை பரேலில் இருக்கும் கதிர் மருத்துவ மையத்தில் டிப்ளமோ சேர்ந்தேன். இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது, 1963-லிருந்து இருக்கிறது. டாடா மெமோரியல் மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தில் இருப்பதால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள்.

அங்கே எனக்கு முதலில் பழகியது கடிகாரம்தான். ஜெனரேட்டர் என்று ஈயக் கவசம் போட்ட ஒரு கனமான பெட்டி. உள்ளே மாலிப்டினம் 99 ஒட்டிக்கொண்டிருக்கும், அது சிதைந்து சிதைந்து, ஸ்கேன் ஊசிக்கு வேண்டிய டெக்னீசியம் 99எம் ஆகிக்கொண்டே இருக்கும். ஒரு முனையில் உப்புநீர்க் குப்பியைச் செருகி, இன்னொரு முனையில் கவசத்துக்குள் இருக்கும் வெற்றிடக் குப்பியைச் செருகினால், உப்புநீர் பெட்டி வழியாக இழுபட்டு டெக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். மாலிப்டினம் உள்ளேயே நிற்கும். உலகம் முழுக்க இந்த வேலைக்குப் பால் கறப்பது என்றே பெயர். மறுநாள் காலை மறுபடி கறக்கலாம். மாலிப்டினத்துக்கு அரை ஆயுள் (கதிர் பாதியாகக் குறைகிற நேரம்) 66 மணி நேரம் என்பதால் ஒரு வாரம் போல ஓடும். டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம்தான். காலை 7 மணிக்கு 100 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால் மதியம் 1 மணிக்கு 50. எத்தனை மணிக்கு அளந்தது என்று எழுதாத குப்பியைக் கையில் எடுக்கவே கூடாது.

உண்மையான டோஸைத் தொட விடும் முன் வெறும் உப்புநீரை வைத்துப் பழக்குவார்கள். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் கையை நீட்டி, குப்பியைக் கவிழ்த்து, சிரிஞ்சில் ஒரு மில்லி இழுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, சிரிஞ்சைக் கவசத்தில் செருகுவது. இதைக் கை தானாகச் செய்யும்வரை விடமாட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ விரலுக்கு அவ்வளவு குறைவாகக் கதிர் படும்.

எக்ஸ்ரே அறையில் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கதிர் நின்றுவிடும். எங்கள் துறையில் அப்படியில்லை. ஊசி போட்ட நிமிடத்திலிருந்து கதிர் வருவது நோயாளியின் உடம்பிலிருந்து. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் பேச வேண்டியது எல்லாவற்றையும் ஊசிக்கு முன்னால் பேசிவிடு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் மிச்சம் வைக்காதே என்று எங்கள் சீனியர் மேடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தாராவியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன். தமிழ்க் குரல் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். ஊசி சாதாரண ஊசி மாதிரிதான், மருந்து எலும்பில் போய் உட்கார மூன்று மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போய்விட வேண்டும், கேமரா முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் ஆனால் தொடாது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பேரனுக்கு ஒரு வயசு. ராத்திரி எம்பக்கத்துலதான் படுப்பான். இன்னைக்கு என்ன செய்ய?"

இன்றைக்கு மட்டும் அவன் அம்மாவிடம் படுக்கட்டும், நாளைக் காலையில் தூக்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு நாளில் நாலு அரை ஆயுள் கழிந்து பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீரில் போனது போக அதிலும் குறைவு என்று விவரமாகச் சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது.

ஊசி போட்டு முடித்து நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது, அவராகவே பஞ்சை வாங்கி அழுத்திக்கொண்டு சொன்னார்: "நீ தள்ளி நில்லு தாயி. நான் ஒருநாள் வந்துட்டுப் போறவ. நீ தெனமும் இதுலயே கெடக்குறவ."

பல வருடம் ஆகிறது. புதிதாகப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த அம்மாவைப் பற்றித்தான். முன்கூட்டியே முழுசாகச் சொல்லிவிட்டால் நோயாளிகள் நம்மையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள்.

நெல்லை எக்ஸ்ரே

நான் அரசு மருத்துவக் கல்லூரியில் ரேடியோ டயக்னாசிஸ் டிப்ளமோ. எங்களுக்குப் பாடம் எடுத்த சார் சென்னை பர்னார்டு இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர், 1934-லிருந்து இருக்கிற இடம் அது. ஈர ஃபிலிம் காலத்து ஆள். இருட்டறையில் டெவலப்பரில் போட்டு, கழுவி, காயவைத்துத்தான் படம் சரியா தப்பா என்றே தெரியும். அதனால் ஒரே தடவையில் சரியாக எடுக்க வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

மார்பு எக்ஸ்ரேக்கு ஒரு பீடி சுற்றுகிற அம்மா வந்தார். இருமல், எடை குறைந்திருந்தது, டிபி சந்தேகம். பேனலில் நெஞ்சைச் சாய்த்து நிற்க வைத்து, தாடையை மேலே தூக்கி, தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் தோளை முன்னால் உருட்டிவிட்டேன். எக்ஸ்ரே குழாய் அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில். "மூச்ச இழுங்க, அடக்குங்க" என்றால் அடக்குகிற இடத்தில் இருமல் வந்துவிடும். திரும்பவும் இருமல். அவர் பயந்துபோய் "என்னால முடியல சார், என்னை விட்டுருங்க" என்றார்.

சார் வந்து நின்று, அவரை அடக்கச் சொல்லாதே, நீ அவர் முதுகைப் பார் என்றார். பொத்தானைப் பாதி அழுத்தித் தயாராக வைத்துக்கொண்டு, ஈயக் கண்ணாடி வழியாகத் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு மூச்சு விட்டார். நல்ல ஆழமாக ஒரு மூச்சு மேலே போய் நின்ற கணத்தில் அழுத்தினேன். ஒரே படம். பத்தாவது விலா எலும்பு வரை தெளிவாகத் தெரிந்தது.

இப்போது டிஜிட்டல் பேனலில் சில விநாடியில் படம் வந்துவிடுகிறது. நல்லதுதான், ஆனால் சரியில்லையென்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. அந்த இன்னொன்றும் நோயாளி உடம்பில் படுகிற டோஸ்தான். அதை மட்டும் என்னால் சும்மா விட முடிவதில்லை.

எம்.ஆர்.ஐ. அக்கா

சுருக்கமாக. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் நடக்காதபோதும், மின்சாரம் போனாலும் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் காந்தத்தில் இழுபட்டு இறந்துபோனார், செய்தித்தாள்களில் வந்தது. அதனால் வாசலில் நிற்கிற பயிற்சி மாணவிக்குத்தான் பெரிய பொறுப்பு.

நம் ஊரில் என்னென்ன கழற்ற வேண்டியிருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. மெட்டி, அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசி, ஜாக்கெட் ஹூக்கு. எல்லாவற்றையும்விடத் தாலிக்கொடியில் மாட்டியிருக்கிற ஊக்கு. நம் அம்மாக்கள் எல்லாரும் அவசரத்துக்கு வேண்டுமென்று இரண்டு மூன்று ஊக்கைத் தாலியில்தான் மாட்டி வைப்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும்.

ஒரு பெரியம்மா தாலியைக் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டார். கணவர் அதே மருத்துவமனையில் ஐசியூவில் இருந்தார். இந்த நேரத்தில் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று அழுகை. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் மேசை டிராயரைத் திறந்து மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் எடுத்தார். அதைக் கழுத்தில் கட்டிய பிறகுதான் கொடியைக் கழற்றி அவர் மகள் கையில் கொடுத்தோம். ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் முதலில் கொடி, அப்புறம் கயிறு அவிழ்ப்பது. நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் டிராயரில் மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.

அயோடின் வார்டு

சேலத்துக்காரி அக்கா எழுதியதைப் படித்ததும் ஒரு ஐயா நினைவுக்கு வந்தார். எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தது.

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தபின் அயோடின் 131 கொடுப்போம். தைராய்டு செல் எங்கே மிச்சம் இருந்தாலும் அயோடினைத் தேடி இழுத்துக்கொள்ளும், உள்ளே போன பீட்டா கதிர் சில மில்லிமீட்டருக்குள்ளேயே அந்தச் செல்லைக் கொன்றுவிடும். அதற்கு முன்னால் ஓரிரு வாரம் பத்தியம். அயோடின் கலந்த உப்பு, மீன், கருவாடு, முட்டை, பால் எல்லாம் நிறுத்த வேண்டும், செல் அயோடினுக்குப் பசித்திருக்க வேண்டும் என்பதற்காக. அரை ஆயுள் 8 நாள். காமா கதிரும் வருவதால் அதிக டோஸ் வாங்கியவர் தனி அறையில்தான் இருக்க வேண்டும். கழிப்பறைத் தண்ணீர்கூட ஊர் சாக்கடைக்கு நேராகப் போகாது, தொட்டியில் தேக்கி வைத்து, கதிர் தணிந்த பிறகுதான் விடுவார்கள். பேச்சு இன்டர்காமில். சாப்பாடு தூக்கி எறிகிற தட்டில், அறை வாசலில் ஒரு மேசையில் வைத்துவிட்டு நாங்கள் விலகிய பிறகு அவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபது வயதைத் தாண்டிய ஐயா. விவசாயக் கூலி. மருந்து, டோஸ், எத்தனை நாள் என்று டாக்டர் எல்லாம் விளக்கியிருந்தார், கையெழுத்தும் வாங்கியிருந்தது. காப்ஸ்யூல் விழுங்கியாயிற்று. சாயங்காலம் டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றி வாசல் மேசையில் வைத்தோம். எடுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடும் அப்படியே இருந்தது. இன்டர்காமில் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, எங்க ஊரு டீக்கடையில எங்க தெரு ஆளுங்களுக்குத் தனி கிளாஸ். குடிச்சுட்டு நாங்களே கழுவிக் கவுத்து வெக்கணும். அதெல்லாம் பாத்துட்டுத்தான் இம்புட்டு வயசாச்சு. இங்கயும் வாசல்ல வெச்சுட்டு ஒதுங்கிப் போறீங்களே."

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் கதிர் பாதுகாப்பு அலுவலரிடம் ஓடினேன். அவர் அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, கையில் சர்வே மீட்டரோடு (கதிரை அளக்கிற கருவி) வந்து, வாசலில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று ஐயாவைக் கூப்பிட்டார். மீட்டரை வராந்தாப் பக்கம் திருப்பி, முள் எங்கே நிற்கிறது என்று காட்டினார். அப்புறம் தடுப்புக்கு மேலாக ஐயா பக்கம் நீட்டினார். முள் சரசரவென்று ஏறியது.

"ஐயா, இது நீங்க முழுங்கின மருந்து. உங்க எச்சில்லயும் வேர்வையிலயும் கொஞ்ச நாளைக்கு வரும். அதனாலதான் தூக்கிப் போடுற தட்டு. இந்த ரூம்ல நான் படுத்தாலும், கலெக்டரே வந்து படுத்தாலும் தட்டு இங்கதான். ரெண்டு மூணு நாள்ல முள்ளு இறங்கும். இறங்குறத உங்களுக்குத் தினமும் காட்டறேன்."

ஐயா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் அவரே இன்டர்காமில் கூப்பிட்டு "முள்ளு எங்க நிக்குது தம்பி?" என்று கேட்டார். ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்த அளவைச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்புகிற வரை தினமும் கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. காப்ஸ்யூல் கொடுப்பதற்கு முன்பே நோயாளியை அறைக்குக் கூட்டிப்போய், சாப்பாடு எந்தத் தட்டில் வரும், எங்கே வைப்போம், ஏன் விலகி நிற்போம் என்று அந்த மேசையைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுவோம். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் பயிற்சி நடக்கிற எல்லா இடத்திலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஒதுங்கி நிற்பதற்கு ஏற்கெனவே ஒரு அர்த்தம் இருக்கிறது.

கோவை பெட்

பெட் ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டி.

பெட் ஸ்கேனுக்கு எஃப்டிஜி என்கிற கதிர் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்துவோம். ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். பாட்டி சாப்பிடவே இல்லை என்று சத்தியம் செய்தார், பேத்தியும் ஆமாம் என்றாள். குத்திப் பார்த்தால் 240-க்கு மேல். சீனியர் உட்கார்ந்து "காலையில எழுந்ததுலேர்ந்து வாயில என்னென்ன போட்டீங்க பாட்டி?" என்று கேட்டார். பயமாக இருந்ததால் விடியற்காலையில் கோயிலுக்குப் போயிருக்கிறார். சர்க்கரைப் பொங்கல் பிரசாதம். பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் வைப்பார்கள்? பாட்டி சொன்னது பொய்யே இல்லை.

ஃப்ளூரின் 18-க்கு அரை ஆயுள் 110 நிமிடம். அதைத் தயாரிக்கிற சைக்ளோட்ரான் எந்திரம் இருக்கும் இடத்திலிருந்து கார் வருகிற நேரம், ஒவ்வொருவருக்கும் ஊசி போடுகிற நேரம் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வாங்குவோம். அவருடைய டோஸை அடுத்தவருக்கு மாற்றிவிட்டு, பாட்டியை மறுநாள் முதல் ஆளாக வரச் சொன்னோம்.

இன்னொன்று. ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசக் கூடாது, வெற்றிலை மெல்லக் கூடாது, ஏசி குளிரில் நடுங்கக் கூடாது. பேசினால் குரல்வளைத் தசை சர்க்கரையை இழுத்துப் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆகவே இங்கேயும் பேச்சு முழுவதும் ஊசிக்கு முன்னால்தான்.

பயோ மேத்ஸ் மாணவி

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ப்ளஸ் டூ முடிக்கப் போகிறேன். எனக்கு இது படிக்க ஆசை. அப்பா பயப்படுகிறார், பெண் பிள்ளைக்கு எதற்குக் கதிர்வீச்சு என்கிறார். எங்கே எப்படிச் சேர்வது என்றும் தெரியவில்லை.

சேலத்துக்காரி

கண்ணு, அப்பாவின் பயத்தைத் தள்ளிவிடாதே. எண்களைக் காட்டு. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி கதிர் வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படுகிற கதிரின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பயிற்சியில் இருப்பவர்களுக்கு 6. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் எல்லாருக்கும் சராசரியாக வருடத்துக்கு 2.4 கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. நெஞ்சில் டிஎல்டி பேட்ஜ் (நம் மேல் பட்ட கதிரைப் பதிவு செய்கிற வில்லை) போட்டிருப்போம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பி அளந்து பார்ப்பார்கள். என் அளவுகள் எல்லாம் வரம்புக்கு ரொம்பக் கீழேதான் இருந்திருக்கின்றன. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் மீதிக் காலத்துக்குக் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, அதற்கேற்ப வேலையை மாற்றித் தர வேண்டும். என்னை ஹாட் லேபிலிருந்து (கதிர் மருந்தைத் தயாரிக்கிற அறை) படங்களைக் கணினியில் செயலாக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஒன்று அப்பாவுக்குப் புதிதாக இருக்கும். பெட் பிரிவில் எக்ஸ்ரே ஆட்கள் போடுகிற ஈய ஏப்ரனை நம்பி இருக்க முடியாது. அந்தக் காமா கதிரின் சக்தி 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைப் பாதியாக்கவே 4 மில்லிமீட்டருக்கு மேல் ஈயம் வேண்டும், ஏப்ரனில் இருப்பது அரை மில்லிமீட்டர். அங்கே நம்மைக் காப்பாற்றுவது தூரமும் கை வேகமும்தான்.

வழிகள் என்றால், ப்ளஸ் டூ முடித்து நேராக பி.எஸ்சி. அணு மருத்துவத் தொழில்நுட்பம் சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, மணிப்பாலில் உண்டு. என்னை மாதிரி அறிவியல் பட்டம் முடித்துவிட்டு டிப்ளமோவுக்கும் போகலாம். எக்ஸ்ரே, சிடி, எம்.ஆர்.ஐ. பிடித்திருந்தால் மருத்துவக் கல்லூரிகளில் ரேடியோகிராஃபி பி.எஸ்சி.யும் டிப்ளமோவும் இருக்கின்றன. இயற்பியலில் ஆர்வம் அதிகம் என்றால் பட்டத்துக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸ் இருக்கிறது. அயோடின் வார்டு தம்பி எழுதினாரே, மீட்டரோடு வந்த அலுவலர், அந்த வேலைக்குப் போக அதுவும் ஒரு வழி.

பணம் கட்டுவதற்கு முன்னால் கல்லூரியில் இதைக் கேள்: நோயாளி உடம்பிலிருந்து வரும் கதிரைப் படமாக்குகிற காமா கேமரா உங்களிடமே இருக்கிறதா, ஹாட் லேப் இருக்கிறதா, ஜெனரேட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, படிப்பை வாரியம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா, மாணவர்களுக்கு பேட்ஜ் தருகிறீர்களா. கேமரா வேறு எங்கோ இருக்கிறது, கடைசி வருடம் அனுப்புவோம் என்றால் யோசி. புத்தகத்தில் படித்து இந்தக் கை வராது. பயிற்சி நடக்கிற இடத்தை நேரில் பார்க்க விடுகிறார்களா என்றும் கேள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் இங்கேயே எழுதச் சொல், பதில் சொல்கிறேன்.